குழந்தைக்கு டிஜிட்டல் பியானோ வாங்கப் போகிறீர்களா? கட்டையைத் தொட்டுப் பார்த்து வாங்குங்கள்

என் மகள் ஏழு வயதில் பியானோ வகுப்பில் சேர்ந்தாள். வீட்டில் அவளுக்கென்று ஒரு 61 கட்டை கீபோர்டு ஏற்கெனவே இருந்தது. அவள் மாமா பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தது. அதில் மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தாள். வீட்டில் வாசிக்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். டீச்சர் வீட்டு மரப் பியானோவில் உட்கார்ந்தால் பாதி சுரங்கள் கேட்கவே கேட்காது. மோதிர விரலும் சுண்டு விரலும் அழுத்தும் இடங்களில் கட்டை கீழே போகும், சத்தம் வராது. ஒரு நாள் வகுப்பு முடிந்து வெளியே வந்தவள், "டீச்சர் வீட்டுப் பியானோ என் பேச்சைக் கேக்கவே மாட்டேங்குதும்மா" என்று அழுதுவிட்டாள்.

தப்பு அவள் விரலில் இல்லை, நாங்கள் வீட்டில் வைத்திருந்த கருவியில். அதற்குப் பிறகு நான் கடை கடையாக ஏறி இறங்கி, டீச்சரிடமும் மற்ற பெற்றோரிடமும் கேட்டுக் கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். முதல்முறை வாங்கப்போகிறவர்களுக்காகவே எழுதுவதால் இசை தெரியாதவர்களுக்கும் புரியும்.

ஒரு சொல்லை முதலில் சொல்லிவிடுகிறேன். விரலால் அழுத்தும் 'கீ'யை நான் கட்டை என்றே எழுதப்போகிறேன். ஆர்மோனியக் காலத்திலிருந்து நம் வீடுகளில் புழங்கும் சொல் அது. பாடுகிறவர்கள் "எனக்கு ஐந்தரைக் கட்டை சுருதி" என்று சொல்வதும் இந்தக் கட்டையை வைத்துத்தான்.

எந்த வகுப்பு என்று முதலில் கேளுங்கள்

கடைக்குப் போவதற்கு முன்னால் டீச்சரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: பிள்ளை கற்பது பியானோவா, கீபோர்டா? நம் ஊரில் இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறோம். பலகையில் "கீபோர்டு கிளாஸ்" என்று எழுதியிருக்கும், உள்ளே பியானோ பாடம் நடக்கும். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிரேடு தேர்வுகளில் பியானோவும் எலெக்ட்ரானிக் கீபோர்டும் தனித்தனிப் பாடங்கள். கீபோர்டு பாடத்தில் இடது கை கார்டு (சில கட்டைகளைச் சேர்த்து அழுத்தும் சுரக்கூட்டு) பிடிக்க, கருவி தானே தாளமும் பக்கவாத்தியமும் போடும். பாட்டின் நடுவே வயலின் ஒலியிலிருந்து புல்லாங்குழலுக்கு மாற வேண்டியிருக்கும். அந்த வேலைக்கு ஆரம்பநிலை டிஜிட்டல் பியானோ உதவாது. பியானோ பாடத்தில் இரண்டு கையும் எல்லாவற்றையும் தாமே வாசிக்க வேண்டும். அதற்குச் சாதாரணக் கீபோர்டு உதவாது.

மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. கீபோர்டில் கர்நாடக இசை கற்றுக்கொடுக்கிற ஆசிரியர்கள் இங்கே நிறைய பேர். கமகத்துக்குச் சுரத்தை வளைக்க வேண்டும். அதற்கான சக்கரம் கீபோர்டின் இடது ஓரத்தில் இருக்கும். அது பெரும்பாலான டிஜிட்டல் பியானோக்களில் கிடையாது. உங்கள் பிள்ளை வர்ணமும் கீர்த்தனையும் வாசிக்கப்போகிறது என்றால் இந்தக் கட்டுரையை இத்துடன் மூடிவிட்டு, அந்த ஆசிரியர் கையில் இருக்கும் கீபோர்டு எது என்று கேட்டு அதையே வாங்குங்கள்.

"பியானோதான்" என்று பதில் வந்தால் மேலே படியுங்கள்.

எல்லாம் கட்டையின் கனத்தில்தான்

ஆர்மோனியத்தில் சத்தத்தைக் கூட்டுவது துருத்தி. கட்டையை மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் அதில் பெரிய வித்தியாசம் இல்லை. பியானோவின் கதை வேறு. கட்டையை அழுத்தினால் உள்ளே கம்பளித் தலை வைத்த சின்னச் சுத்தியல் ஒன்று பாய்ந்து கம்பியில் அடிக்கும். கட்டை எவ்வளவு வேகமாக இறங்குகிறதோ அவ்வளவு சத்தம். ரொம்ப மெதுவாக அழுத்தினால் சுத்தியல் கம்பியைத் தொடாமலே திரும்பிவிடும். என் மகளுக்கு நடந்தது அதுதான். 1700-ஆம் ஆண்டு வாக்கில் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்தில் பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி இந்த அமைப்பைக் கண்டுபிடித்தபோது 'பியானோ எ ஃபோர்தே' என்று பெயர் விழுந்ததே இதனால்தான். மெல்லவும் வாசிக்கலாம், ஓங்கியும் வாசிக்கலாம் என்று அர்த்தம். முதல் வகுப்பிலிருந்து டீச்சர் கற்றுக்கொடுக்கப் பாடுபடுவது இந்த மெல்ல, ஓங்கி வித்தியாசத்தைத்தான்.

மரப் பியானோவில் நடுவில் உள்ள ஒரு கட்டையை இறக்க ஏறத்தாழ 50 கிராம் எடை வேண்டும். இடது பக்கம் போகப் போக சுத்தியல்கள் பெரிதாவதால் கட்டையும் கனக்கும். வலது பக்கம் லேசாகும். கீபோர்டில் கட்டைக்குக் கீழே இருப்பது வெறும் ஸ்பிரிங். அதில் பழகிய விரல் மரப் பியானோவில் தடுமாறுவது இயல்பு.

கடையில் இந்த விஷயத்துக்கு நான்கு விதமான பேச்சு காதில் விழும். 'டச் சென்சிடிவ்' என்றால் அழுத்தும் வேகத்துக்கு ஏற்பச் சத்தம் மாறும் என்பது மட்டுமே, கட்டைக்குக் கனம் இருக்கிறது என்று ஆகாது. 'செமி வெயிட்டட்' என்றால் ஸ்பிரிங்கோடு கொஞ்சம் எடை சேர்த்திருக்கிறார்கள். 'ஹேமர் ஆக்‌ஷன்' என்றால் உள்ளே நிஜமாகவே சுத்தியல் போன்ற எடைத்துண்டு அசையும். 'கிரேடட் ஹேமர் ஆக்‌ஷன்' என்றால் இடது பக்கம் கனமும் வலது பக்கம் லேசுமாக மரப் பியானோ போலவே வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு வேண்டியது கடைசி இரண்டில் ஒன்று. 'டச் சென்சிடிவ்' என்ற சொல்லைக் கேட்டு ஏமாந்து வாங்கியவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து இந்த ஒரு இடத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

88 கட்டை வேண்டுமா, 61 போதாதா?

முதல் வருடப் பாடங்கள் நடுவில் இருக்கும் ஒரு சாண் இடத்துக்குள்ளேயே முடிந்துவிடும். அந்தக் கணக்கில் 61 தாராளம். ஆனால் சுத்தியல் கனம் உள்ள கருவிகளில் பெரும்பாலானவை 88 கட்டையோடுதான் வருகின்றன. அதனால் கனம் என்று முடிவு செய்துவிட்டால் எண்ணிக்கை தானாக அமைந்துவிடும். வெள்ளை 52, கருப்பு 36.

இதில் சின்னதாக இன்னொரு நன்மையும் உண்டு. பிள்ளைகள் முதலில் கற்கும் அடையாளக் கட்டை நடு 'சி'. 'சி' என்பது மேற்கத்திய இசையில் ஒரு சுரத்தின் பெயர். 88 கட்டையில் நடு 'சி' இடமிருந்து நான்காவது 'சி'. 61 கட்டையில் அது மூன்றாவது. வீட்டில் ஒரு கணக்கு, வகுப்பில் ஒரு கணக்கு என்றால் சின்னப் பிள்ளைகள் குழம்புவார்கள்.

எந்த மாடல்

யமஹா பி-145, கேசியோ சிடிபி-எஸ்110, ரோலண்ட் எஃப்பி-10, கோர்க் பி2, கவாய் இஎஸ்120. ஐந்திலும் 88 சுத்தியல் கட்டைகள். எல்லாமே 10 முதல் 13 கிலோவுக்குள்தான், ஒரு ஆள் தூக்கி நகர்த்தலாம். விலை மாறிக்கொண்டே இருப்பதால் வாங்குகிற அன்று இரண்டு மூன்று இடங்களில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

என் கருத்தைக் கேட்டால், கட்டையின் உணர்வுக்கு ரோலண்ட் எஃப்பி-10. கொஞ்சம் கனமாகத் தோன்றும். ஆறு வயதுக்குக் குறைந்த, விரல் மெலிந்த குழந்தைக்கு யமஹா பி-145 இதைவிட இணக்கமாக இருக்கும். மின்தடை அடிக்கடி வரும் ஊரில் இருக்கிறீர்களா? கேசியோ சிடிபி-எஸ்110 ஆறு ஏஏ பேட்டரியிலும் ஓடும். மற்றபடி இவற்றுக்குள் எதை எடுத்தாலும் முதல் நான்கைந்து வருடத்துக்குக் கவலை இல்லை. மாடலை ஒப்பிட்டு ஒப்பிட்டு இரண்டு மாதம் ஓட்டுவதைவிட, இருப்பதில் ஒன்றை எடுத்து இந்த வாரமே பிள்ளையை உட்கார வைப்பது நல்லது.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். வார நாளில், காலை நேரத்தில் போங்கள். கூட்டம் இருந்தால் எதையும் காதால் கேட்க முடியாது. சென்னையில் இருப்பவர்களுக்கு அண்ணா சாலை மியூசி மியூசிக்கல் மாதிரி 1842-இலிருந்து இருக்கும் பழைய கடைகளும் உண்டு, புதிய பெரிய கடைகளும் உண்டு. எந்தக் கடையாக இருந்தாலும் பத்து நிமிடம் நிம்மதியாகத் தொட்டுப் பார்க்க விடுகிறார்களா என்பதுதான் முக்கியம்.

முதலில் பவரை அணைக்கச் சொல்லுங்கள். கேட்கத் தயக்கமாக இருக்கும், பரவாயில்லை. அணைத்த நிலையில் நாலைந்து கட்டைகளை அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கி மெத்தென்று ஏற வேண்டும். டக் டக்கென்று பிளாஸ்டிக் சத்தம் அதிகமாக வந்தால், இரவில் ஹெட்ஃபோன் மாட்டி வாசித்தாலும் அந்தத் தட்டல் பக்கத்து அறைக்குக் கேட்கும்.

இப்போது பவரைப் போட்டு ஒரே கட்டையைப் பத்து முறை அழுத்துங்கள். முதலில் பூவைத் தொடுவதுபோல, போகப் போக அழுத்தம் கூட்டி. சத்தம் படிப்படியாக ஏற வேண்டும். ஓரிடத்தில் திடீரென்று தாவினால் அந்தக் கருவி வேண்டாம்.

அடுத்தது யாரும் சொல்லித்தராத சோதனை. கட்டையின் நுனியில் அழுத்தாமல் உள்பக்கம், கருப்புக் கட்டைகளுக்கு நடுவே விரலை விட்டு அழுத்திப் பாருங்கள். விலை குறைந்த கருவிகளில் கட்டை உள்ளே நீளம் குறைவாக இருக்கும், அதனால் உள்பக்கம் ரொம்ப விறைப்பாக இருக்கும். கருப்புக் கட்டைகள் நிறைய வருகிற பாடங்களில் கட்டைவிரல் அங்கேதான் போகும். எல்லா ஆரம்பநிலைக் கருவியிலும் கொஞ்சம் விறைப்பு இருக்கத்தான் செய்யும். உங்கள் பிள்ளையின் கட்டைவிரலால் சிரமமில்லாமல் அழுத்த முடிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

பிறகு பெடலை, அதாவது ஒலியை நீட்டிக்கும் கால்மிதியை, மிதித்துக்கொண்டு இடது கோடியிலிருந்து வலது கோடி வரை நிறைய கட்டைகளை வாசிக்கச் சொல்லுங்கள். கடைக்காரரே வாசித்துக் காட்டுவார். முதலில் அழுத்திய அடிநாதம் நடுவிலேயே திடீரென்று அறுந்து போகிறதா என்று கவனியுங்கள். விளம்பரத்தில் 'பாலிஃபோனி 64', '96', '192' என்று போட்டிருப்பது இதைத்தான். ஒரே நேரத்தில் எத்தனை ஒலிகளைத் தாங்கும் என்ற கணக்கு. ஆரம்பப் பிள்ளைக்கு 64 போதும். அதற்கு மேல் உள்ளதற்காக மட்டும் அதிகப் பணம் கொடுக்க வேண்டாம்.

கடைசியாக, பிள்ளையை உட்கார வைத்து அதற்குத் தெரிந்த ஒரு பாட்டை வாசிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் நாலடி தள்ளிப் போய் நில்லுங்கள். அதன் தோள் உயர்கிறதா, மணிக்கட்டு விறைக்கிறதா என்று பாருங்கள். என் மகள் ஒரு கருவியில் உட்கார்ந்ததும் தானாகவே மூன்று பாட்டு வாசித்தாள், எழுந்திருக்கவே இல்லை. நாங்கள் அதைத்தான் வாங்கினோம்.

500 ஒலி, 200 தாளம், ஆப்போடு இணைப்பு, ஒளிரும் கட்டை என்று விற்பனையாளர் அடுக்கும்போது பணிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைக்குப் பயன்படுவது நல்ல பியானோ ஒலி ஒன்று, டிக் டிக்கென்று தாளம் காட்டும் மெட்ரோனோம், ஹெட்ஃபோன் துளை, வாசித்ததைப் பதிவு செய்து திரும்பக் கேட்கும் வசதி. அவ்வளவுதான். கருவி தானாக வாசித்துக் காட்டும் டெமோ பாட்டைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள்.

பெடல், ஸ்டாண்டு, இருக்கை

பெரும்பாலோர் கருவிக்கே பட்ஜெட் முழுவதையும் கொட்டிவிட்டு இந்த மூன்றில் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். அதனால் பிள்ளையின் முதுகுதான் கஷ்டப்படுகிறது. மொத்தத் தொகையில் ஒரு பங்கை இதற்கென்று முதலிலேயே ஒதுக்கி வையுங்கள்.

பெட்டியில் வருகிற பெடல் பெரும்பாலும் ஒரு சின்னச் சதுர சுவிட்ச். தரையில் வழுக்கிக்கொண்டே போகும். டைல்ஸ் தரையில் கேட்கவே வேண்டாம். பாத வடிவில், கனமாக, அடியில் ரப்பர் வைத்த பெடலைத் தனியாக வாங்கலாம். உங்கள் மாடலுக்கு அது பொருந்துமா என்று கடையிலேயே மாட்டிப் பார்த்துவிடுங்கள். கம்பெனி மாறினால் சில சமயம் தலைகீழாக வேலை செய்யும், மிதித்தால் ஒலி நிற்கும், எடுத்தால் நீளும். முதல் சில மாதங்களுக்குப் பெடல் பாடமே வராது என்பதால் இதை மட்டும் கொஞ்சம் தள்ளிப்போடலாம்.

ஸ்டாண்டில் எக்ஸ் வடிவத்தைத் தவிர்த்துவிடுங்கள். உயரத்தைக் கூட்டக் கூட்ட அதன் கால்கள் நெருங்கும், கருவி ஆடும். பிள்ளையின் முழங்காலும் குறுக்குக் கம்பியில் இடிக்கும். அதே மாடலுக்கென்று வரும் மரச் ஸ்டாண்டு சிறந்தது. இல்லையென்றால் இசட் வடிவ இரும்பு ஸ்டாண்டு. தரையிலிருந்து கட்டையின் மேற்பரப்பு 72 சென்டிமீட்டர் அளவில் இருக்க வேண்டும், மரப் பியானோவில் கிட்டத்தட்ட அதுதான் உயரம். சாப்பாட்டு மேசை மீது வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். மேசையே 75 சென்டிமீட்டர் இருக்கும், அதற்கு மேல் கருவியின் உயரம் வேறு. பிள்ளையின் முழங்கை தொங்கலில் நிற்கும்.

இருக்கை உயரம் மாற்றக்கூடியதாக இருக்கட்டும். பிளாஸ்டிக் நாற்காலியில் தலையணை போட்டுச் சமாளித்தால் பிள்ளை சரிந்துகொண்டே இருக்கும். இருக்கையின் முன்பாதியில் உட்கார வைத்து, கைகளைக் கட்டை மேல் வைக்கச் சொல்லிப் பக்கவாட்டில் இருந்து பாருங்கள். முழங்கை கட்டையின் மட்டத்தில், அல்லது அதற்குச் சற்று மேலே இருக்க வேண்டும். இந்த உயரத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கால் தரையில் எட்டாது. கால் தொங்கினால் உடம்பு நிலைகொள்ளாது, விரலில் வலு இறங்காது. நாங்கள் வீட்டிலிருந்த பழைய மணைப்பலகையை எடுத்து, கீழே செங்கல் கொடுத்து, ரப்பர் பாய் ஒட்டிக் காலுக்கு வைத்தோம். அடுத்த வகுப்பிலேயே டீச்சர் வித்தியாசத்தைக் கேட்டுக் கண்டுபிடித்தார்.

பழையது வாங்குவதும், வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதும்

இரண்டு கிரேடோடு பிள்ளை நிறுத்திவிட்டதால் விற்கிறவர்கள் நிறைய. நல்ல கருவிகள் கிடைக்கும். நேரில் போய், சத்தத்தை நடுவில் வைத்து, 88 கட்டையையும் ஒன்றுவிடாமல் ஒரே அழுத்தத்தில் வாசித்துப் பாருங்கள். ஒன்று மட்டும் கத்தினால், அல்லது ஊமையாக இருந்தால், உள்ளே ரப்பர் தொடுபட்டை தேய்ந்திருக்கிறது. ஹெட்ஃபோன் செருகிக் கரகர சத்தம் வருகிறதா என்றும் பாருங்கள். எங்களுக்கு முதலில் வந்த பழைய கருவியில் இதைச் சோதிக்காமல் முன்பணம் கொடுத்துவிட்டோம். திரும்பி வரவில்லை.

துபாயிலிருந்து சித்தப்பா கொண்டு வருகிறேன் என்பார். அமெரிக்காவிலிருந்து அக்கா வாங்கி அனுப்புகிறேன் என்பாள். பெட்டி 130 சென்டிமீட்டருக்கு மேல் நீளம். விமானத்தில் அளவு மீறிய சாமான் ஆகிவிடும், சுங்க வரியும் வரலாம். அங்கே வாங்கியதற்கு இங்கே வாரண்டி செல்லுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அடாப்டர் மேல் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். 120 மட்டும் போட்டிருந்தால் நம் வீட்டு மின்சாரத்தில் செருகியதும் கருகிவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு

இடம்தான் முதல் கேள்வி. மூடிய அறையில், துணி போர்த்தி, ஒயரைச் சுருட்டி வைத்தால் பிள்ளை அந்தப் பக்கம் போகாது. ஹாலில், டிவிக்கு எதிர்ச்சுவரில் இல்லாமல், எப்போது வேண்டுமானாலும் போய் உட்காரலாம் என்பதுபோல் வையுங்கள். ஜன்னலை ஒட்டி வேண்டாம். வெயிலும் மழைச்சாரலும் கடற்காற்றின் உப்பும் கருவிக்கு ஆகாது. மேலே போர்த்த நெகிழித்தாள் வேண்டாம், உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பழைய பருத்திப் புடவை போதும். பக்கத்தில் தின்பண்டம் வேண்டவே வேண்டாம். கட்டை இடுக்கில் எறும்பும் கரப்பானும் குடியேறிவிட்டால் மெக்கானிக்கைத்தான் கூப்பிட வேண்டும். இடி இடிக்கும்போது பிளக்கைப் பிடுங்கி வையுங்கள்.

முதல் நாளே சில அமைப்புகளைச் சரிபாருங்கள். 'டச்' நடுத்தரத்தில் இருக்கட்டும். 'ஃபிக்ஸ்டு' என்று இருந்தால் எப்படி அழுத்தினாலும் ஒரே சத்தம்தான் வரும், கனமான கட்டை வாங்கியதே வீணாகிவிடும். எல்லாக் கட்டைகளின் சுருதியையும் மொத்தமாக ஏற்றி இறக்கும் 'டிரான்ஸ்போஸ்' பூஜ்யத்தில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் மாமியார் பாடுவார். அவர் சுருதிக்கு யாரோ அதை மாற்றி வைத்துவிட்டு மறந்துவிட்டார்கள். என் மகள் ஒரு வாரம் அப்படியே வாசித்திருக்கிறாள். வகுப்பில் போய், "இது என் பாட்டு இல்லையே" என்று முழித்தாள். காது பழகும் வயதில் இது பெரிய குழப்பம். இன்னொன்று, பல மாடல்கள் கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் தாமாகவே அணைந்துவிடும். பழுது என்று பயப்பட வேண்டாம், அந்த அமைப்பை மாற்றிக்கொள்ளலாம்.

ஹெட்ஃபோனை இரவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பகலில் ஸ்பீக்கரில் வாசிக்கட்டும், நீங்களும் கேளுங்கள். சமையலறையிலிருந்து, "நேத்தைவிட இன்னைக்கு நல்லாருக்கே" என்று ஒரு குரல் வந்தால் பிள்ளை இன்னொரு தடவை வாசிக்கும். ஹெட்ஃபோன் வாங்கும்போது காதை மூடும் வகையாக, சத்தத்தை 85 டெசிபலுக்குள் கட்டுப்படுத்தும் குழந்தைகளுக்கான வகையாகப் பாருங்கள். சில கருவிகளில் துளை பெரியது, 6.3 மில்லிமீட்டர். செல்போன் ஹெட்ஃபோன் நேராகப் பொருந்தாது, சின்ன மாற்றுப் பின் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

மாதம் ஒருமுறையாவது பிள்ளையை மரப் பியானோ ஒன்றில் வாசிக்க விடுங்கள். டீச்சர் வீட்டில் டிஜிட்டல்தான் இருக்கிறது என்றால், தெரிந்த பள்ளியிலோ தேவாலயத்திலோ அனுமதி கேட்டுப் பாருங்கள். அப்புறம் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் இருக்கையின் உயரத்தையும் கால்பலகையையும் மறுபடி அளந்து வையுங்கள். எட்டாவது பிறந்தநாளில் என் மகளுக்கு அந்தச் செங்கல்லில் ஒன்றை எடுத்துவிட்டோம்.